நடுவில் நின்ற படம்

என் மச்சானுக்கு வாசிக்கத் தெரியாதாம். தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். "எழுத்தறிவுக் குறைவினாலும் கவனயீனத்தினாலும்" கையேட்டில் உள்ளதற்கு மாறாக மெஷினைத் திறந்துவிட்டாராம். அவரை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்து பதில் சொல்ல வேண்டுமாம். அவர் மனைவி, என் அக்கா மீனம்மா, அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து ஹட்டனில் நான் கார்டும் நோட்டீஸும் அடிக்கிற கடை மேசையில் வைத்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். முதலாளியின் கீபோர்ட் என்பதால் அது தப்பியது.

யாருக்கு வாசிக்கத் தெரியாது? கந்தப்பனுக்கா? திம்புள்ளப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சின்னத்தம்பி முடிவெட்டும் கொட்டகையில் பேப்பர் வாசிப்பது அவர்தான். பாதி முடி வெட்டிய தலையோடு ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். மரண அறிவித்தலுக்கு ஒரு குரல், கிரிக்கெட்டுக்கு ஒரு குரல், அமைச்சர் பேச்சுக்கு மூக்கால் ஒரு குரல். நடுவில் ஒரு படம் வந்தால், படத்துக்கு இந்தப் பக்கம் உள்ள பத்தியை மேலிருந்து கீழே முடித்துவிட்டு, மூச்சு வாங்கி, அந்தப் பக்கத்துப் பத்திக்கு மேலே போவார். பேப்பரை அப்படித்தானே வாசிப்பது? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வாசிக்கப் பழகியதே அந்தப் பேப்பரில்தான்.

அவர் வாசிப்பார் என்று தெரிந்துதான் தோட்டத்து மேனேஜர் துரையே அந்தக் கையேட்டை அவர் கையில் கொடுத்தார். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, மாசி மாதம். எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு, வெளியாட்கள் பேக்டரி என்று சொல்வார்களே, அதற்கு ஒரு புது மெஷின் வந்தது. தூளிலிருந்து காம்பைப் பிரித்தெடுக்கிற மெஷின். கூடவே மூன்று மொழியில் ஒரு கையேடு. துரை எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "கந்தப்பன், நீதான் நல்லா வாசிக்கிறது. வாசிச்சு எல்லாருக்கும் சொல்லு. புஸ்தகத்துல எப்படி இருக்குதோ அப்படியே செய்யணும். சொந்தப் புத்தி வேண்டாம்" என்றார்.

மச்சான் வாசித்துக் காட்டினார். ஸ்டோரில் கூட வேலை செய்கிற வேலாயியும் மற்றவர்களும் கேட்டுக்கொண்டார்கள். முதல் தடவை மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தபோது, "நான் மொதல்ல செஞ்சு காட்டுறேன், நீங்க தள்ளி நின்னு பாருங்க" என்று அவரே போனார். மெஷினை நிறுத்தினார். மூடியைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். கரண்ட் நின்ற பிறகும் உள்ளே ஒரு சக்கரம் வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

"கையேட்ட எடுத்துட்டு வந்தியா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"தமிழ்ப் பக்கத்த மட்டும் போட்டோக் கொப்பி எடுத்து வச்சிருந்தாரு. ஸ்டோர்ல ஒட்டுறதுக்கு." முந்தானையில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

மெஷினின் படம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் எழுத்து. நான் அக்காவுக்குக் கேட்க வாசித்தேன்: "மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு..." படத்தைத் தாண்டி அந்தப் பக்கம் மேலே போனேன். "சக்கரம் நிற்கும்வரை பொறுத்து, கட்டையால் முட்டுக் கொடுத்து, தூசியை எடுக்கவும்."

"அவரு அப்புடித்தானே செஞ்சாரு?" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கிவிட்டது. "கைய உள்ள விட்டுட்டுத்தானே பொறுக்கச் சொல்லுது?"

அப்படித்தான் சொல்லுகிறது. எனக்கும் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி பார்த்தேன். பிறகுதான் என் தொழில் புத்தி எழுந்து உட்கார்ந்தது. இந்தக் கோளாறை நான் கலியாணக் கார்டிலும் பூப்புனித நோட்டீஸிலும் தினமும் பார்க்கிறவள் அல்லவா!

கம்ப்யூட்டரில் ஒரு படத்தை எழுத்துக்கு நடுவே போட்டால், எழுத்து அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். படத்தின் மேல் வைத்து வலது பட்டனை அமுக்கி உள்ளே போனால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கும், வரிசையாக, ஒவ்வொரு விதமாக. ஒரு நாயைச் சுற்றிச் சதுரமாகக் கோடு ஓடும். ஒரு நாயை ஒட்டி உரசிக்கொண்டு ஓடும். ஒரு நாய் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கோடுதான் எழுத்து. சதுர நாயை அமுக்கிவிட்டுப் படத்தை நடுவில் வைத்தால், ஒவ்வொரு வரியும் படத்தில் முட்டி, அதைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கத்தில் மிச்சத்தை முடிக்கும். அடித்தவனுக்கு அது ஒரே வரி. வாசிக்கிறவனுக்கு அது இரண்டு பத்தி. அதனால்தான் நான் எந்தக் கார்டிலும் படத்தை நடுவில் விடமாட்டேன். இன்னும் உள்ளே போனால், படத்துக்கு மேலும் கீழும் மட்டும் எழுத்து நிற்கும்படி செய்கிற வசதி இருக்கிறது. அமுக்க ஒரு நொடி ஆகாது.

கொழும்பில் இருந்து இந்தக் கையேட்டை அடித்த மகராசனுக்கு அந்த நொடி கிடைக்கவில்லை. படத்தைத் தாண்டிக் குறுக்கே வாசித்துப் பார்த்தேன்: "மெஷினை நிறுத்தி, சக்கரம் நிற்கும்வரை பொறுத்து, மூடியைத் திறந்து, கட்டையால் முட்டுக் கொடுத்து, கையை உள்ளே விட்டு, தூசியை எடுக்கவும்." அடப் பாவிகளா!

அடுத்த நாள் வேலாயியிடம் சொல்லிவிட்டு ஸ்டோரிலிருந்த கையேட்டையே வரவழைத்தேன். இங்கிலீஷ் பக்கத்தில் படம் ஓரமாக இருந்தது, எழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது. சிங்களப் பக்கத்திலும் அப்படியே. தமிழ் கொஞ்சம் நீளம். அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. இன்னொரு பக்கம் கொடுக்க மனமில்லை. படத்தை நடுவில் தள்ளி, மிச்சம் கிடந்த சந்தில் தமிழை அடைத்துவிட்டார்கள். மிச்சம் கிடப்பதைத்தானே எங்களுக்குக் கொடுத்துப் பழக்கம்.

வியாழக்கிழமை பின்னேரம் லீவு போட்டுவிட்டு தோட்டத்துக்குப் போனேன். மச்சான் லயத்துக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. போன ஞாயிறு பேப்பர் மடிப்புக் கலையாமல் பெட்டி மேல் கிடந்தது.

"என்னா மச்சான், பேப்பர் வாசிக்கலியா? சின்னத்தம்பி கடையில ஒரு தலையும் உக்காரலியாமே."

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே." அவர் திரும்பவில்லை. "உண்மையோ என்னமோ. நான் வாசிச்சுக் குடுத்தத நம்பி வேலாயி மொதல்ல கைய விட்டிருந்தா? அத நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. வெரல் போனதுக்கு இல்ல."

அந்த நேரம் பார்த்து யூனியன் தலைவர் வீரய்யா வந்தார். நல்ல மனுசன், ஆனால் துரைக்கு முன்னால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற ஆள். "கந்தப்பா, நான் தொரைகிட்டப் பேசிட்டேன். தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. வேலைய விட்டுத் தூக்கமாட்டாங்க. மலையில லேசான வேலையாப் போட்டுத் தருவாங்க. வேலை போனா லயக் காம்பராவும் போயிரும், யோசிச்சுக்க" என்றார்.

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் சுவரைப் பார்த்தார். நான்தான் எழுந்தேன்.

"தலைவரே, செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கணும்? வாசிக்கத் தெரியாதவன்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டா, நாளைக்கு யார் வெரல் போனாலும் இதே கடுதாசிதான் வரும். பேரை மட்டும் மாத்திக்குவாங்க."

"நீ டவுன்ல இருக்கிறவ தனுஷிகா. ஒனக்கு வாய் நீளம்."

"ஆமா, நீளந்தான். நாளைக்குக் கொண்டுட்டு வர்றேன், பாருங்க."

வாயை மட்டும் கொண்டுபோகவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடையில் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். தேயிலைத் தூள் அடைத்து விற்கிற பக்கெட்டுக்குள் வைக்கிற துண்டுத் தாள் மாதிரி ஒரு நோட்டீஸ். தலைப்பு, "சுவையான தேநீர் போடும் முறை". நடுவில் ஒரு கேத்தல் படம், கையேட்டில் மெஷின் இருந்த அதே அளவில். அதே சதுர நாய். இரண்டு பக்கமும் எழுத்து. குறுக்கே வாசித்தால் அருமையான தேத்தண்ணி.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் பனி இன்னும் விலகவில்லை. பெரிய கிளாக்கர் தம்பிஐயா கதவைத் திறந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனுசர். கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். கோயில் நோட்டீஸோ கலியாணக் கார்டோ, எது கையில் கிடைத்தாலும் திருத்தாமல் விடமாட்டார். எங்கள் கடையில் அடித்த எத்தனையோ கார்டு அவர் கையால் சிவந்திருக்கிறது.

"ஐயா, கடையில ஒரு நோட்டீஸ் அடிச்சிருக்கேன். பிழை இருக்கான்னு ஒருக்காப் பாத்துக் குடுங்க."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டே வாசித்தார். "கேத்தலில் தண்ணீர் ஊற்றி, தேயிலைத் தூள் போட்டு, கோப்பையில் ஊற்றி, அது கொதிக்கும்வரை பொறுத்து..." நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பிள்ளை இது? கோப்பையிலை ஊத்திப்போட்டோ கொதிக்கும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கிறது? உம்மட கடையிலை ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடத் தெரியாதோ?"

"ஐயோ, திருத்திக் குடுங்கய்யா."

சிவப்புப் பேனா வெளியே வந்தது. "ஒழுங்கு பிழை. முதலில் கொதிக்க வைக்கவும்" என்று ஓரத்தில் எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டு, வழக்கம்போலக் கீழே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். நான் மடித்துப் பைக்குள் வைத்தேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது.

விசாரணை துரையின் அறையில் நடந்தது. துரை, மெஷின் விற்ற கொம்பனியிலிருந்து வந்த ஒரு மாத்தயா, சிங்கள ஐயாமாரை அப்படித்தான் கூப்பிடுவோம், மொழிபெயர்க்கத் தம்பிஐயா, வீரய்யா, மச்சான். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். "அவருக்குக் கை ஏலாது. எழுதணும்னா ஆள் வேணுமில்ல?" என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொம்பனி மாத்தயா என்ன செய்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். மச்சான் சொன்னார். மெஷினை நிறுத்தினேன், மூடியைத் திறந்தேன், கையை விட்டேன். புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன். மாத்தயா சிரித்துக்கொண்டே கையேட்டைத் தம்பிஐயாவிடம் நீட்டினார். தமிழ்ப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்க வாசிக்கச் சொன்னார்.

தம்பிஐயா வாசித்தார். கடகடவென்று, படத்தைத் தாண்டிக் குறுக்கே. "மெஷினை நிறுத்தி, சக்கரம் நிற்கும்வரை பொறுத்து, மூடியைத் திறந்து, கட்டையால் முட்டுக் கொடுத்து..."

அவர் எழுதியது. அவர் கண்ணுக்கு அவர் எழுதியதுதான் தெரிந்தது. மாத்தயா இரண்டு கையையும் விரித்தார். வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இப்படித்தான் வாசிப்பார், இந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது, கொம்பனி மேல் பிழையில்லை என்றார். தம்பிஐயா அதைத் தமிழில் சொன்னார். மச்சானின் தலை தொங்கிப்போய்விட்டது. இருபது வருசம் ஒரு லயத்துக்கே உலகத்தை வாசித்துக் காட்டிய மனுசன், தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். வீரய்யா மெதுவாக, "ஒத்துக்க கந்தப்பா" என்றார்.

நான் எழுந்து நோட்டீஸை விரித்து மேசையில் போட்டேன்.

"தொரை, இதப் பாருங்க. காலையில பெரிய கிளாக்கரையா வாசிச்சது. அவரு கையெழுத்து கீழ இருக்கு. எப்படி வாசிச்சாருன்னு அவரையே கேளுங்க."

தம்பிஐயா குனிந்து பார்த்தார். சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தார். கேத்தலைப் பார்த்தார். பிறகு கையேட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்து, விரலால் இடது பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். "கையை உள்ளே விட்டு" என்ற இடத்தில் விரல் நின்றது.

"கடவுளே! நான் ஒண்டுக்குக் கீழை ஒண்டாயெல்லோ எழுதிக் குடுத்தனான்!"

"நோட்டீஸ்லயும் நான் ஒழுங்காத்தான்யா எழுதியிருக்கேன். குறுக்க வாசிங்க, நல்ல தேத்தண்ணி வரும். ஆனா நீங்க குறுக்க வாசிக்கல. நான் வாசிக்கல. மச்சானும் வாசிக்கல. பேப்பர் வாசிக்கிற யாருமே படத்தத் தாண்டிக் குதிக்கமாட்டோம்." என் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டேன். "எங்களுக்கு வாசிக்கத் தெரியும் தொரை. இவங்களுக்குத்தான் அடிக்கத் தெரியல. இங்கிலீஷ்ல படம் ஓரமா நிக்குது, சிங்களத்துல ஓரமா நிக்குது. எங்க எழுத்துல மட்டும் நடுவுல வந்து நிக்குது. அந்தப் படத்தச் சுத்தி ஓட வச்சதுல ஒரு மனுசனோட ரெண்டு வெரல் போயிருச்சு. கடுதாசி எழுதுறதுன்னா கொம்பனிக்கு எழுதுங்க!"

வீரய்யா என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. தம்பிஐயா துரையிடம் இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். தன்னைக் காப்பாற்றிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். இல்லை, மனுசர் நோட்டீஸையும் கையேட்டையும் மாறி மாறிக் காட்டி, மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார். தான் வாசித்த விதத்தையும் மறைக்கவில்லை. துரை தேயிலையிலேயே வாழ்கிறவர். கோப்பையில் ஊற்றிக் கொதிக்க வைக்கிற இடம் வந்ததும் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு கையேட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மாத்தயா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கந்தப்பன் மேல குத்தம் இல்ல. அந்தக் கடுதாசி வாபஸ். கை சொகமானதும் ஸ்டோருக்கே வேலைக்கு வரட்டும்" என்றார்.

அக்கா வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் அழுகிற சத்தம் உள்ளே கேட்டது.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுந்தோம். கொம்பனி மாத்தயாவும் நல்ல பிள்ளையாகிவிட்டார். ஹரி ஹரி, சரிதான், புதிதாக அடித்துத் தருகிறோம் என்றார். தமிழுக்கு இடம் போதாததுதான் பிரச்சினையாம். அதனால் தமிழ்ப் பக்கத்தில் எழுத்தை எடுத்துவிட்டு, வெறும் படமாகப் போட்டுவிடலாம். ஸ்டோர் ஆட்களுக்குப் படமே போதும், குழப்பமும் இராது. துரைக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது, தலையை ஆட்டினார். தம்பிஐயா தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொல்லி முடித்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். விசாரணை முழுக்கக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன மனுசன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேசையில் வைத்தார். ஸ்டோர் முழுக்கக் கேட்க வாசித்த அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது.

"எழுத்த எடுக்காதீங்க தொரை. எடம் போதலன்னா படத்தத் தள்ளி வைங்க."

தம்பிஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு மாத்தயா பக்கம் திரும்பிச் சிங்களத்திலும் சொன்னார். இந்த முறை அவர் தயங்கவில்லை.

துரை மச்சானின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நீ அடிச்சுக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் தொரை. ஆனா ரெண்டு பக்கம் வரும்."

"மூணு வந்தாலும் பரவாயில்ல" என்றார்.

அன்றைக்கே கடைக்குப் போய் அடித்தேன். படம் தனியாக மேலே, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு எழுத்தும் இல்லை. கீழே பெரிய எழுத்தில், ஒரு வேலைக்கு ஒரு வரி. தம்பிஐயாவுக்கு அனுப்பினேன். சிவப்புப் பேனா படாமல் திரும்பி வந்த முதல் தாள் அதுதான்.

திங்கட்கிழமை காலை வேலாயி அதை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மச்சானுக்கு இன்னும் மருத்துவ லீவு. ஆனாலும் வந்திருந்தார். எல்லோரையும் கிட்டக் கூப்பிட்டார். முன்னர் சொன்னது பிழை, அதை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வலது கையில் மிச்சமிருந்த விரல்களில் ஒன்றை முதல் வரியில் வைத்து வாசிக்கத் தொடங்கினார்.